பட்டாளத்து ஸ்வெட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லடாக்கில் வேலை பார்க்கும் அண்ணன் மகனுக்குப் பழைய பட்டாளத்து ஸ்வெட்டர் பின்ன வேண்டும். உடம்பு முழுக்க ரிப், தோளிலும் முழங்கையிலும் துணி ஒட்டு. மார்பளவு 40 அங்குலம். நூல் எவ்வளவு, கண் எத்தனை?
*வாசகி, கும்பகோணம்*

அந்த ஸ்வெட்டரின் உயிரே 2 நிட் (நேர்ப்பின்னல்), 2 பர்ல் (மறுபின்னல்) என மாறி மாறி, மேடும் பள்ளமுமாக வரும் ரிப்தான். உடம்போடு ஒட்டி நிற்கும், குனிந்து நிமிர்ந்தால் கூடவே விரிந்து சுருங்கும். ஆனால் ரிப் நூலை விழுங்கும். 50 கிராம் உருண்டையில் சுமார் 115 மீட்டர் நூல் இருந்தால் 14 உருண்டை ஆகும். கூடுதலாக இரண்டு சேர்த்து, ஒரே லாட் எண்ணில் (ஒன்றாகச் சாயம் ஏற்றியதைக் காட்டும் எண்), ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். ஆலிவ் பச்சை லாட்டுக்கு லாட் மாறும். பாதியில் வாங்கிச் சேர்த்தால் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்டதுபோல் தெரியும்.

ஊசி 10 நம்பர் (3.25 மி.மீ.), 8 நம்பர் (4 மி.மீ.) இரண்டும் வேண்டும். முதலில் 8 நம்பரில் 38 கண் (ஊசியில் ஏறும் நூல் வளையம்) ஏற்றி, ரிப்பில் 12 செ.மீ. பின்னிப் பாருங்கள். நனைத்துக் காயவைத்த பிறகு, லேசாக விரித்துப் பிடித்தால் 10 செ.மீ.க்கு 24 கண், 29 வரிசை வர வேண்டும். 22 கண்தான் வருகிறதென்றால் 9 நம்பருக்கு மாறுங்கள். இந்த ஒருநாள் வேலையைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு மூன்று மாத வேலையைப் பிரிக்கிறார்கள்.

முதுகுக்கு 10 நம்பரில் 130 கண் ஏற்றுங்கள். நேர்ப்பக்கத்தில் 2 நிட்டில் தொடங்கி 2 நிட்டில் முடியும். ஓரத்துக்கு ஒரு கண் மடிப்பில் போய்விட்டால், இருபுறமும் மிஞ்சும் ஒவ்வொரு நிட்டும் சேர்ந்து 2 நிட்டாகிவிடும். பக்கவாட்டுத் தையல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். 8 செ.மீ. கழித்து 8 நம்பருக்கு மாறி, மொத்தம் 42 செ.மீ. வரை நேராகப் போங்கள். கைக்குழிக்கு இருபுறமும் 6 கண் மூடி, பிறகு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் ஓரத்துக்கு ஒன்றாக 8 முறை குறைத்தால் 102 கண் நிற்கும். கைக்குழி 24 செ.மீ. ஆனதும் தோளுக்கு 30, 30 என, பத்துப் பத்தாக மூன்று தவணையில் மூடி, நடு 42 கண்ணைக் கழுத்துக்கு ஊக்கில் போட்டு வையுங்கள்.

முன்பக்கமும் அதேதான். கைக்குழி 17 செ.மீ. ஆனபோது நடு 22 கண்ணை ஊக்கில் போட்டு, இருபுறமும் 40 கண்ணைத் தனித்தனியாகப் பின்னி, கழுத்து ஓரத்தில் வரிசை விட்டு வரிசை 10 முறை குறைக்க 30 வரும்.

கைக்கு 10 நம்பரில் 58 கண், 8 செ.மீ. பிறகு 8 நம்பரில் 6 வரிசைக்கு ஒருமுறை இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண் கூட்டுங்கள். 18 முறை கூட்டினால் 94. கூட்டிய கண்களை ரிப்போடு ஒத்துப் பின்ன மறக்காதீர்கள். 47 செ.மீ. ஆனதும் மேல்வளைவுக்கு இருபுறமும் 6 மூடி, வரிசை விட்டு வரிசை ஓரத்துக்கு ஒன்றாக 22 முறை குறைத்து, அடுத்த 4 வரிசையின் தொடக்கத்திலும் 4 கண் மூடுங்கள். மிச்சம் 22ஐ ஒன்றாக மூடலாம்.

தோளைத் தைக்கும்போது பருத்தி நாடாவைச் சேர்த்துத் தையுங்கள். இல்லாவிட்டால் கம்பளியின் கனத்தில் தோள் தொங்கி, கை நீளம் கூடும். கழுத்துக்கு நான்கு சாக்ஸ் ஊசியில் 104 கண் எடுத்து, 3 செ.மீ. பின்னி, 8 நம்பர் ஊசியால் தளர்வாக மூடுங்கள். இறுக்கி மூடினால் தலை நுழையாது.

கடையில் 'உல்லன்' என்று கொடுத்தார்கள். பின்னிய ஸ்வெட்டரின் கீழ்ப்பட்டை இரண்டே துவைப்பில் பாவாடை மாதிரி விரிந்துவிட்டது. ஏன்?
*வாசகி, மன்னார்குடி*

நம் பக்கத்துக் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். ஒரு விரல் நீள நூலைத் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தயங்கி எரியும், தீயை எடுத்ததும் அணையும், முடி கருகிய வாசம் வரும், மிஞ்சும் கருப்பு மணி விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கல்லாக இறுகும். கலவை நூலில் இரண்டும் சேர்ந்து தெரியும்.

அக்ரிலிக்கில் சூடான இஸ்திரி பட்டால் ரிப்பின் சுருக்கம் செத்துவிடும். திரும்ப வராது. உங்களுடையது நிஜக் கம்பளியாக இருந்தால், பட்டையையும் உடம்பையும் ஒரே ஊசியில் பின்னியிருப்பீர்கள், அல்லது கண் ஏற்றியது தளர்வாக இருந்திருக்கும். கீழ்ப்பட்டையைப் பிரித்து, கண்களை 10 நம்பரில் எடுத்துக் கீழ்நோக்கிப் பின்னலாம்.

பகலில் பின்னினால் நூல் ஊசியில் ஒட்டுகிறது, வரிசைக்கு வரிசை இறுக்கம் மாறுகிறது.
*வாசகி, திருவையாறு*

வியர்வைதான் காரணம். அலுமினிய ஊசியில் ஈரக்கை பட்டால் கண் நகராது, நீங்கள் இழுப்பீர்கள், இறுகும். மூங்கில் ஊசிக்கு மாறுங்கள். விடியலில் பின்னுவது நல்லது. வரிசையின் நடுவில் நிறுத்தாதீர்கள். இரவு முழுக்க ஊசியில் நின்ற இடத்தில் பெரிய கண் விழும்.

முழங்கையில் துணி தைத்தேன். துவைத்ததும் சுருங்கி, ஓரம் பிய்ந்துவிட்டது.
*வாசகி, மயிலாடுதுறை*

இரண்டு தவறு நடந்திருக்கும். காடாத் துணியோ ட்ரில்லோ, வெட்டுவதற்கு முன் வெந்நீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். அதன் சுருக்கம் ஸ்வெட்டரில் ஏறக் கூடாது. அதைவிட முக்கியம், ரிப் விரியாமல் சுருங்கியிருக்கும்போது தைத்தால், போடும்போது அது விரியும், துணி விரியாது, நூல் அறும்.

கையை மூடித் தைப்பதற்கு முன்பே, தட்டையாக இருக்கும்போது ஒட்டுத் துணியை வையுங்கள். அதைப் போடப்போகிறவர் கையில் சுற்றி, மடக்கச் சொல்லி, முழங்கை முனையில் நூலால் அடையாளம் வையுங்கள். பிறகு ஸ்வெட்டர் கையை மேசையில் தட்டையாக வையுங்கள். ரிப்பின் பர்ல் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விரித்து, குண்டூசி குத்தி, 12 செ.மீ. அகலம், 18 செ.மீ. நீள முட்டை வடிவத் துணியைப் பொருத்துங்கள். ஓரம் மடித்து, தளர்வான பின்தையல். தோளுக்கும் அப்படியே. தோள் மடிப்பு ஒட்டின் நடுவில் வரட்டும். பதவிச் சின்னம், படை முத்திரை எதையும் மட்டும் தைக்காதீர்கள். சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தில் உடுப்பைப் போடுவது சட்டப்படி குற்றம்.

பாட்டியின் பெட்டியில் ஆங்கிலத் தாள் ஒன்று. 80 கண் ஏற்று, 4 அங்குலம் ரிப், பிறகு 'பிளெய்ன்', கழுத்தில் 28, 24, 28. 3 நம்பர் ஊசி என்கிறது. எங்கள் 3 நம்பரில் பின்னினால் வலை மாதிரி வருகிறது.
*வாசகர், திருவாரூர்*

முதல் உலகப் போரில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்காகத் தொண்டர்கள் பின்னிய கையில்லா ஸ்வெட்டரின் குறிப்பு இந்த அமைப்பில்தான் இருக்கிறது. முன்னும் பின்னும் ஒரே துண்டு, தோளில் மடிந்து இறங்கும், பக்கவாட்டில் மட்டும் தைப்பார்கள். அவர்களுடைய ஊசி எண் வேறு கணக்கு. நம் கடைகளில் 3 நம்பர் என்றால் 6.5 மி.மீ. தடிமன். இன்றைய அமெரிக்கக் கணக்கில் 3 நம்பர் வெறும் 3.25 மி.மீ., அதுவும் இந்தத் தாளுக்குப் பொருந்தாது. எண்ணை மறந்துவிடுங்கள். 80 கண்ணில் 20 அங்குல அகலம் வேண்டும் என்றால் அங்குலத்துக்கு 4 கண். அதற்கு நம் 6 அல்லது 7 நம்பரில் மாதிரி பின்னிப் பாருங்கள். 'பிளெய்ன்' என்பது இரு பக்கமும் நிட். 'ரிட்ஜ்' என்று வந்தால் இரண்டு வரிசை என்று எண்ணுங்கள். கழுத்து ஓரத்தில் 'சிங்கிள் குரோஷே' (கொக்கி ஊசிப் பின்னல்) என்றிருந்தால் அது அமெரிக்கச் சொல். பிரிட்டிஷ் முறையில் அதையே 'டபுள்' என்பார்கள்.

கடற்கரை ஊர். கம்பளியை எப்படித் துவைத்து, எப்படி வைப்பது?
*வாசகி, நாகப்பட்டினம்*

சோடா, சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். நான்கைந்து பூந்திக்கொட்டையை உடைத்து இரவே ஊறவைத்து, வடிகட்டிய நீரில் 10 நிமிடம் அழுத்தி எடுங்கள். கசக்கவோ முறுக்கவோ கூடாது. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் கம்பளி இறுகித் தடித்துவிடும், அதனால் கடைசி அலசல்வரை நீர் ஒரே வெப்பத்தில் இருக்கட்டும். ஊற்று நீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்குப் பிடித்துவைத்த மழைநீர் உத்தமம்.

டர்க்கி டவலில் சுருட்டி மிதித்து நீரை எடுத்து, நிழலில் கோரைப்பாயில் அளவு பார்த்து விரித்து வையுங்கள். கொடியில் போட்டால் ஒரு முழம் நீளும். ஐப்பசி, கார்த்திகையில் துவைக்க வேண்டாம். நாலு நாள் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். மாசியில், காற்று வறண்டபின் துவைத்து எடுத்து வையுங்கள். பூச்சிக்குப் பிடித்தவை வியர்வையும் சாப்பாட்டுக் கறையும்தான். அழுக்கோடு மடித்தால் வேப்பிலை காப்பாற்றாது. பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி நடுவில் வையுங்கள். அந்துருண்டை வைத்தால் அது நூலில் நேராகப் படக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறி, மடிப்பை மாற்றி மடியுங்கள்.