அபார்ட்மென்ட்டில் என் இடத்தில் நிற்கும் யாரோ ஒருவரின் காரை இழுத்துப் போகச் சொல்லலாமா?

சேலம் அழகாபுரத்தில், உங்கள் பார்க்கிங்கில் மூன்று நாளாக முன்பின் தெரியாத கார் நிற்கிறது, கிரேன் கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாகக் கூப்பிடாதீர்கள்.

வண்டியை இழுத்துச் செல்வது பற்றி மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 127-ஆம் பிரிவு சொல்கிறது. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நின்றாலும், தடை செய்த இடத்தில் நிறுத்தினாலும், சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி அனுமதி தரலாம். ஐந்து ரோடு சந்திப்பில் வழியை மறிக்கும் காருக்கு அது சரி. உங்கள் கேட்டுக்குள் நிற்பதற்கு அப்படியே பொருந்தாது.

தனியார் கிரேன் வைத்து இழுத்து பம்பர் உடைந்தால், கார்க்காரர் நஷ்டஈடு கேட்டு உங்கள் வாசலில்தான் நிற்பார். ஆட்டோமேட்டிக் காரைச் சக்கரம் உருள இழுத்தால் கியர்பாக்ஸே போகலாம். டயரைக் கிழிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். அது இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில் குற்றம்.

முதலில் வாட்ச்மேனிடம் கேளுங்கள். பாதி நேரம் அது மேல்மாடி வீட்டுச் சொந்தக்காரர் விட்டுவிட்டு ஏற்காடு போன வண்டியாகத்தான் இருக்கும்! இல்லையென்றால் நம்பர் பிளேட் தெரிய, தேதியோடு போட்டோ எடுத்து, அபார்ட்மென்ட் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். அப்புறம் சங்கத்தின் பெயரிலேயே உள்ளூர் காவல் நிலையத்தில் புகார். நம்பரை வைத்து உரிமையாளரைப் போலீஸ் பிடித்துவிடும். திருட்டு வண்டி என்று சந்தேகம் வந்தால் அவர்களே கைப்பற்றலாம். புகாருக்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.