முதல் தடவையே வீட்டில் வேண்டாம்

இரண்டு வருடமாக இணையத்தில் பழகும் தோழியைப் பார்க்க மதுரையிலிருந்து சென்னை போகிறீர்கள், அவர் நேராகத் தன் வீட்டில் வந்து தங்கச் சொல்கிறார், மறுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல தோழி என்றால் எடுத்துக்கொள்ள மாட்டார். ஒருமுறைகூட முகம் பார்த்துப் பேசியதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். டிக்கெட் போடும் முன் வீடியோ காலில் பேசிவிடுங்கள்.

வைகை எக்ஸ்பிரஸில் வந்தால் மதியம் எழும்பூரில் இறங்குவீர்கள். பக்கத்திலேயே அரசு அருங்காட்சியகம், ஆட்டோவில் சில நிமிடம்தான், வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே வரச் சொல்லுங்கள். இரவு தங்க உறவினர் வீடோ விடுதியோ முன்பே பார்த்து வையுங்கள், அக்காவுக்கு லைவ் லொகேஷன் அனுப்புங்கள், ஏதாவது சரியில்லை என்று பட்டால் தயங்காமல் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.

அப்புறம், நேரில் பேச்சு வராமல் போகலாம், பயப்படாதீர்கள். என் தோழி இரவு முழுக்கச் சாட்டில் வாயாடுவாள், முதல் தடவை பார்த்தபோது பத்து நிமிடம் டீ கிளாஸைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் பேச்சு வந்தது. வெண்கலச் சிலைகள் இருக்கும் பக்கம் முதலில் போங்கள்.