வீடியோ விளையாட்டு, சினிமா ஆக்‌ஷன் ஃபிகர்களை எப்படி மதிப்பிடுகிறீர்கள்? புதிதாகச் சேர்ப்பவர் விமர்சனத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் சுருக்கமான பதில். ஃபிகர் விமர்சனம் என்று வருவதில் பாதி, "முகம் அச்சு அசல் நடிகரேதான்" என்பதோடு முடிந்துவிடுகிறது. முகம் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அலமாரியில் கொஞ்ச காலம் நின்ற பிறகு நம்மைப் படுத்தி எடுப்பது இடுப்பும் கணுக்காலும்தான்.

ஆக்‌ஷன் ஃபிகர் என்பது கதாபாத்திரத்தின் உருவத்தில் கை கால் அசையும் பொம்மை; பாதி சிலை, பாதி எந்திரம். உருவம் செதுக்குகிறவருக்கு உடம்பில் எங்கும் வெட்டு விழக் கூடாது. மூட்டு அமைக்கிறவருக்கு முழங்கை முழுக்க மடங்க வேண்டும், தோள் முன்னால் வர வேண்டும், தலை அண்ணாந்து பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் கிடைப்பது ஒரே உடம்பு. மார்புத் தசையைத் தோளோடு சேர்த்து அழகாக வார்த்தால் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டுமென்று தோளுக்குள் இன்னொரு மூட்டை வைத்தால், கையைப் பின்னால் இழுக்கும்போது அக்குள் பக்கம் ஒரு பள்ளம் வாயைப் பிளக்கும். இந்தப் பேரத்தில் யார் எங்கே விட்டுக்கொடுத்தார், அது அந்தக் கதாபாத்திரத்துக்குச் சரிப்பட்டு வருகிறதா என்பதைத்தான் நான் விமர்சனமாக எழுதுகிறேன்.

இந்த இழுபறி ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வெளியிட்ட ஜி.ஐ.ஜோ என்ற போர்வீரன் பொம்மை கிட்டத்தட்ட 12 அங்குல உயரம், 21 அசையும் பாகங்கள். போட்டிருந்தது துணி உடுப்பு, அதனால் மூட்டுகள் உள்ளே மறைந்துகொண்டன. 1978இல் கென்னர் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் ஃபிகர்கள் மூன்றே முக்கால் அங்குலத்துக்கு இறங்கின. தலை, இரண்டு கை, இரண்டு கால், அவ்வளவுதான் அசைவு. முழங்கால் மடங்காது, ஆனால் விண்கலத்துக்குள் உட்காரும். விளையாடும் பிள்ளைகளுக்கு அது போதும். (முந்தின ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் பொம்மைகள் தயாராகாததால், சான்றிதழ் வைத்த ஒரு அட்டை உறையைத்தான் கென்னர் விற்றது. சான்றிதழை அனுப்பினால் ஃபிகர்கள் பிறகு தபாலில் வரும். வெறும் அட்டையை விற்றுக் காட்டிய சாமர்த்தியத்தை இன்றைய முன்பதிவுக்காரர்கள் இன்னும் தாண்டவில்லை.)

1994இல் டாட் மெக்ஃபார்லேன், தன் காமிக்ஸ் நாயகன் ஸ்பானின் ஃபிகர்களோடு வந்தபோது செதுக்குகிறவர் கை ஓங்கியது. ஒவ்வொரு மடிப்பும் சங்கிலியும் அத்தனை நுணுக்கம், அசைவு பேருக்குத்தான். 2002இல் டாய் பிஸ் நிறுவனம் தொடங்கிய மார்வெல் லெஜண்ட்ஸ் வரிசை நேர் எதிர். சிலவற்றில் விரல்கூட மடங்கும், முழங்காலில் ஆணித் தலைகள் பளிச்சென்று தெரியும். அப்புறம் ஜப்பானியர்கள் புகுந்தார்கள். கையோடோ நிறுவனத்தின் ரெவோல்டெக் வரிசை 2006இல், ஃபிக்மா வரிசையும் பண்டாயின் எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ் வரிசையும் 2008இல். இப்போது செதுக்கல், அசைவு என்ற இந்த இரண்டு முகாமுக்கும் நடுவில்தான் எல்லோரும் எங்கேயோ நிற்கிறார்கள்.

சரி, சினிமா ஃபிகரையும் விளையாட்டு ஃபிகரையும் ஒரே அளவுகோலால் அளக்கலாமா? முடியாது என்பது என் கட்சி.

சினிமா ஃபிகருக்கு மாதிரி ஒரு உயிருள்ள மனிதர். பழைய முறையில் கண்ணை ஒவ்வொரு நிறமாக முத்திரை குத்துவது போல் அச்சிட்டார்கள். வெள்ளை, கருவிழி, புருவம் எல்லாம் தனித்தனி அடுக்கு. ஒரு அடுக்கு தலைமுடி அளவுக்கு நகர்ந்தாலும் கதாநாயகனுக்கு மாறுகண். இப்போது பல நிறுவனங்கள் முகத்தின் மேல் நேரடியாகப் புள்ளி புள்ளியாக டிஜிட்டல் அச்சு போடுகின்றன. 6 அங்குல ஃபிகரில்கூட இமையின் சிவப்பும் தாடியின் நிழலும் வந்துவிடுகின்றன. ஆனால் இந்த அச்சு, கீழே உள்ள வடிவத்தோடு சரியாகப் பொருந்த வேண்டும். உதட்டின் அச்சு ஒரு பக்கம், செதுக்கிய உதடு இன்னொரு பக்கம் என்று வந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். நேர் எதிரிலிருந்து படம் எடுத்தால் தெரியாது, பக்கவாட்டில் திருப்பினால் குட்டு வெளிப்படும். ஆகவே விமர்சனத்தில் முகத்தைச் சற்றே திருப்பி எடுத்த முக்கால் பக்கத்துப் படமும் பக்கவாட்டுப் படமும் இல்லையென்றால் முகத்தைப் பற்றி அவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, சினிமா ஃபிகர்களின் வேலை படம் முடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஃபிகர் செய்கிறவர் கையில் இருப்பது ஆரம்பகால உடை வரைபடமாகவும் இருக்கலாம். படத்தில் ஒரு நிமிடம்கூட வராத கவசத்தோடு ஃபிகர் வந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். படக் காட்சியோடு ஒப்பிட்டு இதைக் குறையாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த உடையை வைத்துச் செய்தார்களோ அதை ஒழுங்காகச் செய்தார்களா என்பதுதான் கேள்வி.

விளையாட்டு ஃபிகர் கதை வேறு. அங்கே மாதிரியே ஒரு முப்பரிமாணக் கோப்பு. அதைக் கொடுத்துவிட்டால் முகம் பிசக வழியில்லை என்றுதான் தோன்றும். பிரச்சினை உடம்பில். திரையில் கதாபாத்திரம் முழங்கையை மடக்கினால் தோல் ரப்பர் மாதிரி இழுபடும், மேலங்கி தொடைக்குள் புகுந்து வெளியே வரும், தோள்கவசம் காதுக்குள் போகும். ஆட்ட மும்முரத்தில் யாரும் கவனிப்பதில்லை. பிளாஸ்டிக்கில் எதுவும் எதற்குள்ளும் புகாது. எனவே விளையாட்டு வடிவமைப்பில் எது ஃபிகராக மாறத் தோதானது என்பது முன்கூட்டியே கணிக்கக்கூடிய விஷயம்.

ஹேலோ விளையாட்டின் நாயகன் மாஸ்டர் சீஃபை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கவசம் துண்டு துண்டாக, நடுவில் கறுப்பு உள்ளுடை. முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று மூட்டு வர வேண்டிய இடமெல்லாம் ஏற்கெனவே கறுப்பு. வெட்டு விழுந்தாலும் கண்ணில் படாது. முகமும் மூடியிருப்பதால் நடிகர் சாயல் பற்றிய தகராறும் இல்லை. இப்படிப்பட்ட ஃபிகர் சுமாராக வந்தால் சாக்குப்போக்கே கிடையாது.

இப்போது காட் ஆஃப் வார் விளையாட்டின் நாயகன் கிரேட்டோஸ். வெற்று மார்பு, இடது கண்ணின் மேலிருந்து தலை, தோள், கை வரை ஓடும் சிவப்பு நிறப் பச்சைகுத்து. அந்தச் சிவப்புக் கோடு தோள் மூட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கை தொங்கும் நிலையில் கோடு ஒழுங்காகச் சேரும். கோடாரியை ஓங்க வைத்தால் கோடு உடைந்து, தோள் உருண்டையின் மேல் ஒரு துண்டு, கையில் ஒரு துண்டு என்று நிற்கும். இதைத் தவிர்க்க வழியில்லை. நான் பார்ப்பது, கை உயரும்போது வெளியே தெரியும் உள் உருண்டைக்கும் தோல் நிறம் அடித்திருக்கிறார்களா, இல்லை சாம்பல் பிளாஸ்டிக்கை அப்படியே விட்டுவிட்டார்களா என்பதைத்தான். அடித்திருந்தால் யாரோ ஒருவர் கையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெருமைகளைவிட இது எனக்கு அதிகம் சொல்கிறது.

இரண்டு உலகமும் சந்தித்த ஒரு வேடிக்கையும் உண்டு. 2013இல் நெகா என்ற பொம்மை நிறுவனம், ஃப்ரைடே தி தர்டீன்த் திகில் படங்களின் கொலைகாரன் ஜேசனை 1989ஆம் ஆண்டு வீடியோ கேமில் வந்த நிறத்திலேயே வெளியிட்டது. ஊதா உடை, வெளிர் நீல முகமூடி. புது அச்சு என்று பெரிதாக இல்லை, வித்தை எல்லாம் பெயிண்ட்டில்தான். சினிமாக்காரர்களும் விளையாட்டுக்காரர்களும் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். கதாபாத்திரத்துக்கு எது உண்மை என்பதற்கு ஒரே பதில் இல்லை என்று அந்த ஊதா ஜேசனைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பெட்டியைப் பிரித்ததும் நான் எந்த மூட்டையும் மடக்க மாட்டேன். ஆலையில் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே பாகங்களைச் சேர்த்திருக்கலாம். அப்படி ஒட்டிக்கொண்ட மூட்டை முறுக்கினால் உள்ளே பாகங்களை இணைக்கும் முளை முறிந்து கையில் வரும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்த மூட்டுக்கு இன்னும் ஜாக்கிரதை தேவை. லேசாகத் தள்ளிப் பார்த்து, அசையவில்லையென்றால் சுடுநீரில், கொதிநீர் வேண்டாம், கொஞ்ச நேரம் அமிழ்த்தி வைப்பேன். தலைமுடி உலர்த்தியும் சரிதான். பி.வி.சி. பிளாஸ்டிக் சூட்டில் இளகும். பிறகு தள்ளினால் 'டிக்' என்று மெல்லிய சத்தத்தோடு மூட்டு விடுபடும். அந்தச் சத்தம் கேட்காமல் வழுவழுவென்று முறுகுகிறது என்றால் உடனே கையை எடுத்துவிடுங்கள், திரும்புவது மூட்டு இல்லை, முளை. எண்ணெய் தேவையானால் சிலிகான் எண்ணெய் ஒரு சொட்டு. பெட்ரோலிய எண்ணெய்கள் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழ வைக்கும்.

பெட்டிக்குள் வளைந்து வந்த வாளுக்கும் இதே சுடுநீர் வைத்தியம்தான். நிமிர்த்திப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் போட்டால் அப்படியே நின்றுவிடும்.

அடுத்தது நிற்கும் சோதனை. கால்களை அகட்டி வைத்து, பாதம் முழுக்கத் தரையில் பதிகிறதா என்று பாருங்கள். கணுக்கால் முன்னும் பின்னும் அசைந்தால் போதாது, பக்கவாட்டிலும் சாய வேண்டும். இல்லையென்றால் அகலக் கால் வைத்ததும் பாதத்தின் விளிம்பில் நிற்கும், இரவில் விழும். விழும்போது பக்கத்தில் நிற்பவரையும் கூட்டிக்கொண்டு போகும். ஸ்டாண்ட் இல்லாமல் ஒரு ராத்திரி அலமாரியில் நின்ற பிறகுதான் நான் எழுத உட்காருவேன். இடுப்பு தளர்ந்திருந்தால் குறை என்று எழுதுவேன், ஆனால் அதற்கு மருந்து உண்டு. மூட்டு உருண்டையில் நிறமற்ற நகப்பூச்சு மெல்லிசாக ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டினால் பிடிப்பு வந்துவிடும்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறடி மனிதன் 1:12 அளவில் 6 அங்குலம், 1:6இல் 12 அங்குலம், 1:10இல் 7 அங்குலத்துக்குச் சற்று மேல். 6 அங்குலக் கூட்டத்தின் நடுவில் 7 அங்குல ஃபிகரை வைத்தால் அரக்கன் மாதிரி தெரியும். ஆரம்பிப்பவர் ஒரு அளவைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருப்பது நல்லது. யாரும் இருப்பதில்லை, அது வேறு விஷயம்.

விமர்சனம் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, படங்கள் யாருடையவை என்பது. நிறுவனம் வெளியிடும் விளம்பரப் படங்களில் இருப்பது பெரும்பாலும் கையால் பெயிண்ட் அடித்த மாதிரிப் பொம்மை. ஆலையிலிருந்து வருவது அதன் தம்பி. அடுத்து, விமர்சகர் காசு கொடுத்து வாங்கினாரா, இலவசமாக வந்ததா என்பதைச் சொல்லியிருக்கிறாரா? இலவசம் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, சொல்லாமல் மறைத்தால் ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், ஒருவர் கையில் இருக்கும் ஃபிகர் உங்களுக்கு வருவது அல்ல. எனக்கு ஒரு முறை இரண்டு காலுக்கும் இடது தொடையே மாட்டிய வீரன் வந்து சேர்ந்தான். நடை விசித்திரமாக இருந்தது. அதை வைத்து அந்த வரிசையே மோசம் என்று எழுத முடியுமா? நேரில் வாங்க முடிந்தால், அடுக்கியிருப்பதில் நாலைந்து முகங்களை ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள்.

வாங்கிய வாரத்தில் எழுதும் விமர்சனத்துக்கு ஒரு எல்லை உண்டு. முழங்கையை மடக்கி நீட்டிய பிறகுதான் உள்பக்கம் பெயிண்ட் உரிந்து அடி நிறம் எட்டிப் பார்க்கும். பிளாஸ்டிக்கையே அந்த நிறத்தில் வார்த்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மென்மையான பி.வி.சி. காலப்போக்கில் பிசுபிசுக்கத் தொடங்கும், அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் வெளியே கசிவதுதான் காரணம். வெதுவெதுப்பான சோப்புநீரில் கழுவிக் காற்றாட வைத்தால் கொஞ்ச காலம் தாங்கும். ஏ.பி.எஸ். என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த வெள்ளைப் பாகங்கள் வெயில் பட்டால் மஞ்சளாகும். 1:6 அளவு ஃபிகர்களில் வரும் செயற்கைத் தோல் அங்கி சில ஆண்டுகளில் செதில் செதிலாக உதிர்வதும் உண்டு. இவற்றையெல்லாம் பழைய விமர்சனத்தின் அடியில் சேர்த்துக்கொண்டே வருவேன். ஒரு விமர்சகரின் பழைய பதிவுகளில் இப்படிச் சேர்த்த குறிப்புகள் இருந்தால், அவர் ஃபிகர்களை இன்னும் வைத்திருக்கிறார் என்று பொருள்.

பெட்டியை வைத்துக்கொள்ளலாமா என்பது உங்கள் இடவசதியைப் பொறுத்தது. உதிரிப் பொருட்களை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். 1978ஆம் ஆண்டு ஸ்டார் வார்ஸ் வரிசையில் வினைல் அங்கி போட்ட ஜாவா என்ற குட்டிக் கதாபாத்திரத்துக்கும், பின்னால் மாற்றப்பட்ட துணி அங்கி ஜாவாவுக்கும் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் மதிப்பே வேறு. அதனாலேயே போலி வினைல் அங்கிகளும் உலவுகின்றன. மாற்றுக் கைகள், துப்பாக்கி, இன்னொரு முகம் எல்லாவற்றையும் ஃபிகருக்கு ஒரு ஜிப் பையாகப் போட்டு, மேலே பெயரை எழுதி வையுங்கள். ஒரே நிறுவனத்தின் கறுப்புக் கையுறை போட்ட கைகள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும், முளையின் தடிமன் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். விளக்கு எரியும் ஃபிகராக இருந்தால் உள்ளே வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.