அம்மாவின் தேத்தண்ணியை நிறுத்தவேண்டாம்

கேள்வி: "அம்மாவுக்கு 68 வயது. நாளைக்கு நாலு தரம் தேத்தண்ணி குடிக்கிறா. எலும்பு கரைந்துவிடும், நிறுத்தச் சொல் என்கிறார்கள். உண்மையா?"

இல்லை. நாலு தேத்தண்ணிக்கு எலும்பு கரையாது. இந்தப் பேச்சை நம்பி என் அம்மாவின் தேத்தண்ணியை மூன்று மாதம் நிறுத்தி வைத்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். அம்மா 71 வயதில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டா. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "சாயத்தண்ணி குடிச்சுக் குடிச்சே எலும்பு உக்கிப்போச்சு" என்றார்கள். விடியக்காலையில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டி குடித்தே பழகின மனுசி. நிறுத்தினதும் முதலில் தலையிடி. பிறகு, பின்னேரம் அயல் ஆச்சிமாரோடு இருந்து தேத்தண்ணி குடிக்கப் போவதையும் விட்டுட்டா. அந்த நடையும் போனது. எலும்புக்கு அதுவல்லவா நட்டம்!

பயம் எங்கிருந்து வந்தது என்றால், கஃபீன் கொஞ்சம் கல்சியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும். ஆனால் ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் கோப்பியில் இருப்பதில் பாதியளவு கஃபீன்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 65 முதல் 76 வயது வரையான 1256 பெண்களைப் பார்த்த ஆய்வு 2000ஆம் ஆண்டு வந்தது. தேநீர் குடிப்பவர்களின் எலும்படர்த்தி குடிக்காதவர்களைவிடச் சுமார் 5 வீதம் கூட. பால் விட்டாலும் விடாவிட்டாலும் அப்படியே. 2025இல் அவுஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தார், 65 வயதைத் தாண்டிய பத்தாயிரத்துக்குக் கிட்டிய பெண்களின் பத்தாண்டுத் தரவைப் பார்த்தார்கள். தேநீர் குடித்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி மிகச் சிறிதளவு கூட. நாளைக்கு ஐந்து கோப்பைக்கு மேல் கோப்பி குடித்தவர்களுக்குத்தான் அடர்த்தி குறைவாகத் தெரிந்தது. அதற்காகத் தேத்தண்ணியை மருந்தாக நினைக்கவேண்டாம். குடிப்பவர்களிடம் கண்ட வித்தியாசம் இது, தேயிலைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல ஏலாது.

இன்னொன்று. முழங்கால் மூட்டு நோவையும் "எலும்புத் தேய்வு" என்கிறோம், எலும்பு உள்ளே ஐதாகிப்போகும் ஒஸ்டியோபொரோசிஸையும் அப்படியே சொல்கிறோம். இரண்டும் வேறு. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோன் குறைவதால் பெரும்பாலும் வருவது இரண்டாவது. அதில் நோவே இராது, விழுந்து முறியும்போதுதான் தெரியும். ஐம்பது வயதுக்கு மேல் சும்மா விழுந்து கை முறிந்தாலே எலும்படர்த்திப் பரிசோதனை பற்றி டொக்டரிடம் கேளுங்கள். நான் பிந்தித்தான் கேட்டேன்.

ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் அளவு கல்சியம் வேண்டும். நம்மிடம் இல்லாததா? முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி, எருமைத் தயிர், முருங்கையிலை, எள்ளு. உடம்பில் கொஞ்சம் வெயிலும் படவேண்டும்.

தேத்தண்ணியில் நான் குறைத்தது சீனியை மட்டும். சோற்றோடு சேர்த்துக் கொடுப்பதில்லை, ஒரு மணித்தியாலம் கழித்துத்தான். சாயம் இரும்புச்சத்தைச் சேரவிடாது. இரும்புக் குளிசை போடுகிறவர்கள் கட்டாயம் இடைவெளி விடவேண்டும். கிணற்றடிப் பாசியைச் சுரண்டி, சொரசொரப்பாகச் சீமெந்து பூசி, பிடிக்க ஒரு கம்பியும் போட்டுவிட்டோம்.