பழைய நாணயங்களை மதிப்புக் குறையாமல் சுத்தம் செய்வது எப்படி?

கறுத்துப்போன வெள்ளி நாணயங்களையும் பச்சை பிடித்த செப்பு நாணயங்களையும் விற்பதற்கு முன் பளபளப்பாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். மேலே ஒட்டியிருக்கும் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்றலாம். நாணயத்தின் உலோகமே மாறி உருவான நிறத்தில் கை வைக்கக் கூடாது.

வெள்ளியின் கருமை வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கு அன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு நாணயத்தின் வெள்ளியே வினைபுரிந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு அது. ஆகவே அதைச் சுரண்டினாலும் அமிலத்தில் கரைத்தாலும் மேற்பரப்பின் ஒரு பகுதியும் சேர்ந்தே போய்விடுகிறது. அச்சு அழுத்தும்போது உலோகம் விளிம்பை நோக்கி நகர்வதால் உண்டாகும் நுண்வரிகள்தாம் புதிய நாணயத்துக்கு அதன் இயல்பான மினுமினுப்பைத் தருகின்றன. விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுழல்வதைக் காணலாம். பற்பசை, சமையல் சோடா, பாலிஷ் ஆகியவற்றில் எதைக் கொண்டு தேய்த்தாலும் அந்த வரிகள் அழிந்து, உருப்பெருக்கியில் பளிச்சென்று தெரியும் கீறல்கள் மட்டுமே மிஞ்சும். எலுமிச்சைச் சாறும் வினிகரும் செம்பை இயல்புக்கு மாறான இளஞ்சிவப்பாக்கிவிடும். பழகிய கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். 70 புள்ளி அளவில் தரம் பிரிக்கும் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள், முறையின்றிச் சுத்தம் செய்யப்பட்டவற்றுக்கு எண் தரம் கொடுக்காமல் அந்தக் குறையையே குறித்து அனுப்புகின்றன.

மண்ணும் பிசுக்கும் மட்டும் இருந்தால், காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரைடு இருக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. விளிம்பைப் பிடித்து எடுத்து, மென்மையான துணியால் ஒற்றி உலர்த்துங்கள், துடைக்காதீர்கள். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் நெடுநாள் கிடந்த நாணயங்களில் பச்சையாகப் பிசுபிசுக்கும் பிவிசி படிவுக்கு, தூய அசிட்டோன் ஏற்றது. அது உலோகத்தைத் தாக்காமல் பிசுக்கை மட்டும் கரைக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டாமல் பயன்படுத்துங்கள். நகப்பூச்சு நீக்கியில் வேறு சேர்மானங்களும் இருப்பதால், அதை மாற்றாகக் கொள்ளாதீர்கள்.

செப்பு நாணயத்தில் ஒரே சீராகப் படிந்த, கெட்டியான பச்சையோ பழுப்போ இருந்தால் விட்டுவிடுங்கள். சேகரிப்பாளர்கள் அதை விரும்பியே வாங்குகிறார்கள். வெளிர்ப் பச்சை நிறத்தில் தூளாக உதிர்ந்து, அடியில் குழி விழுந்திருந்தால் கதை வேறு. குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை இன்னும் அரித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இங்கே மட்டும் சும்மா இருப்பதே கேடு. அந்த நாணயத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு உலர்ந்த டப்பாவில் வைத்து, உலோகப் பொருள்களைப் பாதுகாக்கப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் ஒப்படையுங்கள்.