மலையிலிருந்து இறங்கினால் ஓட்டம் ஏன் தளர்கிறது?

கேள்வி: ஹட்டனில் இருக்கிறேன். காலையில் 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடிவிடுவேன். வேலைக்காக மாதாமாதம் சில நாட்கள் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தங்குகிறேன். அங்கே 3 கிலோமீட்டரிலேயே நெஞ்சு படபடக்கிறது. செய்த பயிற்சியெல்லாம் வீணாகிறதா? கொழும்பில் ஓர் அரை மரதன் ஓடவும் ஆசை.

பதில்: வீணாகவில்லை, கவலை வேண்டாம். வெயிலில் ஓடும்போது இரத்தம் கால் தசைகளுக்கும் போக வேண்டும், உடம்புச் சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் போக வேண்டும். அதனால்தான் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஆகவே கீழே இறங்கியதும் கடிகாரத்தை மறந்துவிடுங்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடியாவிட்டால் நடங்கள். நடப்பதும் பயிற்சிதான்.

கொழும்பும் மட்டக்களப்பும் ஒரே மாதிரியான சூடு இல்லை. கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், அங்கே அது சொட்டிப் போய்விடுகிறது. விடியும் முன்பு ஈரம் இன்னும் கூடுதலாக இருக்கும், ஆனாலும் வெயில் இல்லாத அந்த நேரமே நல்லது. மட்டக்களப்பில் கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி நன்றாக வியர்த்த நாட்களில் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் உடம்புக்குள் போக வேண்டும். பார்மசியில் கிடைக்கும் ஜீவனி என்ற உப்பு, சீனி கலந்த தூளை பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். இரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் வரை ஆகும். நீங்கள் தங்கும் சில நாட்களில் அது முழுதாக நடக்காது. எனவே வேக ஓட்டம், ஏற்றப் பயிற்சி, நீண்ட ஓட்டம் எல்லாவற்றையும் ஹட்டனிலேயே முடித்துவிடுங்கள். கீழே 20, 30 நிமிட லேசான ஓட்டம் போதும். இப்படிப் பிரித்துக்கொள்வதுதான் உங்களுக்கு ஏற்ற வழி என்று உறுதியாகச் சொல்வேன். ஹட்டனில் தோட்டப் பாதைகளில் ஏறும்போது உழையுங்கள், இறங்கும்போது சிறு அடிகளாக வையுங்கள். தொடைத் தசையைப் புண்ணாக்குவது பெரும்பாலும் இறக்கம்தான்.

சரி, அரை மரதன். 21 கிலோமீட்டருக்கு மலைக் குளிரில் பழகியது மட்டும் போதாது. சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் வாழ்வதால் பெரிய மூச்சுப் பலம் வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். முடிந்தால் போட்டிக்கு ஒரு வாரம் முன்பாவது கொழும்புக்குப் போய்விடுங்கள். லீவு கிடைக்காவிட்டால், கடைசி இரண்டு வாரம் ஹட்டனிலேயே நண்பகலில் கூடுதலாக ஒரு சட்டை போட்டுக்கொண்டு மெதுவாக ஓடுங்கள். இதைத் தனியாகச் செய்யாதீர்கள், தண்ணீரும் கையில் இருக்கட்டும். பழகிய சூடு சில வாரங்களில் உடம்பை விட்டுப் போய்விடும் என்பதால் இதை முன்கூட்டியே செய்து பயனில்லை.

எங்கே ஓடினாலும் தலைசுற்றல், வெயிலிலும் மயிர்க்கூச்செறிதல், வாந்தி வருகிற உணர்வு என எது வந்தாலும் உடனே நின்று நிழலுக்குப் போய், உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ கூட இருப்பவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதை உங்களோடு ஓடுபவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.