விக்டோரியா காலச் சுவரில் ஓதம்: துளை போடுவதற்கு முன்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில், 1890களில் கட்டிய செங்கல் வீட்டை மேல், கீழ் என இரண்டு ஃபிளாட்டாகப் பிரித்திருக்கிறார்கள். கீழ் ஃபிளாட்டை நாங்கள் வாங்கியிருக்கிறோம். முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் உரிகிறது. பார்க்க வந்த கம்பெனிக்காரர், சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றி, மேலே சிமென்ட் பூச வேண்டும் என்கிறார். செய்யலாமா? மேல் வீட்டுக் காலடிச் சத்தத்துக்கு வழி உண்டா?

பதில்: அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் செய்யும் வேலையில் பணம்தான் போகும், ஓதம் போகாது.

முதலில் உங்கள் சுவரைப் பற்றி. வெளியே நின்று செங்கல் வரிசையைப் பாருங்கள். நீளப் பக்கம் ஒன்று, குட்டைப் பக்கம் ஒன்று என மாறி மாறி வந்தால், அது நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குல முழுச் சுவர். குட்டையாகத் தெரியும் கல், சுவருக்குக் குறுக்கே உள்ளே போகிறது. மழை பெய்தால் இப்படிப்பட்ட சுவர் கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும். பிறகு சுண்ணாம்புச் சாந்து வழியாக அதை வெளியே விட்டுக் காய்ந்துவிடும். கட்டியவர்கள் அந்தக் கணக்கில்தான் கட்டினார்கள். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே மாட்டிய ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். குளிரில் உறைந்தால் கல்லின் முகமே பொரிந்து உதிரும். வெளியே செங்கல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் யாராவது ஏற்கெனவே சிமென்ட் அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சுரண்டிப் பார்த்தால் சுண்ணாம்பு மெத்தென்று உதிரும், சிமென்ட் அசையாது.

அந்தக் காலத்தில் கட்டிய பெரும்பாலான வீடுகளில், ஈரம் மேலேறாமல் இருக்க அடிச்சுவரில் ஸ்லேட் கல் அடுக்கு ஒன்று இருக்கும். அது சும்மா கெட்டுப்போவது அபூர்வம். முன்வாசலில் குப்பைத் தொட்டி வைக்கவோ கார் நிறுத்தவோ கான்கிரீட் போட்டுப் போட்டு, தரை அந்த அடுக்கைத் தாண்டி உயர்ந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அடுக்குக்குக் கீழே குறைந்தது 150 மில்லிமீட்டராவது தரை தாழ்ந்திருக்க வேண்டும். அப்புறம், சுவரின் அடியில் ஓட்டை ஓட்டையாக உள்ள காற்றுச் செங்கல்களைத் தேடுங்கள். பல வீடுகளில் பெயின்டோ மண்ணோ அவற்றை அடைத்திருக்கும். உங்கள் மரத்தரைக்குக் கீழே காற்று ஓடுவதே அவை வழியாகத்தான். அது நின்றால் சுவரோடு சேர்த்து உத்திரக் கட்டைகளும் உளுக்கும். மழை கொட்டும்போது ஒருமுறை வெளியே போய், மழைநீர்க் குழாய் எங்கே வழிகிறது, முன்பக்கம் துருத்தி நிற்கும் ஜன்னல் மாடத்தின் குட்டிக் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

கம்பெனிக்காரர் இரண்டு ஊசி உள்ள மீட்டரைக் குத்திக் காட்டியிருப்பார். அது மரத்துக்காக அளவிட்ட கருவி. சுவரில் உப்புப் பூத்திருந்தாலே எண்ணைக் கூட்டிக் காட்டும். ரசாயனம் விற்காத, பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள சர்வேயரிடம் கட்டணம் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். காரணத்தைச் சரிசெய்த பிறகு, உப்பேறிய பூச்சைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்புப் பூச்சே பூசுங்கள். முழுச் சுவரும் காயப் பல மாதங்கள் ஆகும், பொறுங்கள்.

இன்னொன்று: அந்தச் சுவர் உங்களுடையதே இல்லாமல் இருக்கலாம். பிரித்த வீடுகளில் வெளிச்சுவர், கூரை, அடித்தளம் எல்லாம் பெரும்பாலும் ஃப்ரீஹோல்டர், அதாவது நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உரிமையாளர், பொறுப்பு. செலவை இரண்டு ஃபிளாட்டும் பகிரும். ஃபிளாட்டோடு உங்களுக்கு வந்த நீண்டகாலக் குத்தகைப் பத்திரமான லீஸைப் படிக்காமல் துளை போட்டால் ஒப்பந்த மீறலாகிவிடலாம். ஃப்ரீஹோல்டர் செய்யும் வேலையில் உங்கள் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால், 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், குத்தகைதாரர் சட்டப்படி (Landlord and Tenant Act) அவர் முன்கூட்டியே உங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

சத்தத்துக்கு வருவோம். 1992க்கு முன் பிரித்த வீடு என்றால், இரண்டு ஃபிளாட்டுக்கும் நடுவிலுள்ள தளத்தில் ஒலித்தடுப்பு எதுவும் இல்லாமலே இருக்கலாம். உங்கள் அறையின் உள்கூரையில் (சீலிங்) மரச்சட்டத்தின் மேல் பூசிய பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் பெயர்க்காதீர்கள். அதன் கனமே பேச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் தடுக்கிறது. அதில் விளக்குக்காக ஓட்டை வெட்டினால் சத்தமும் இறங்கும், தீத்தடுப்பும் பலவீனமாகும். காலடிச் சத்தத்தை அது பிறக்கும் இடத்தில் நிறுத்துவதுதான் சுலபம். அதனால் மேல் வீட்டாருடன் பேசி, கனமான அண்டர்லே (கார்பெட்டுக்கு அடியில் போடும் மெத்தை விரிப்பு) போட்டுக் கார்பெட் விரிக்கச் சொல்லிப் பாருங்கள். பல லீஸ்களில் கார்பெட் கட்டாயம் என்றே எழுதியிருக்கும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.